‘இரட்டைச் சுருள்’: ஒரு விஞ்ஞான நூலின் எடுத்துரைப்பும் பெண்ணுழைப்பும்

விஞ்ஞானிகள் எழுதும் தன்வரலாற்று நூல்களை இலக்கிய விமர்சனம் தனது எல்லைக்கு அப்பாற்பட்டனவாகவே பெரும்பாலும் கருதி வந்துள்ளது. நாவலொன்றின் பாத்திர வார்ப்பிலே வர்க்க நலன் எவ்வாறு தொழிற்படுகின்றது என்று நுணுகி ஆராயும் நாம், ஆய்வுகூடத்திலிருந்து வெளிவரும் நூலொன்றைக் கண்டதும், அது வெறுந் தகவற் களஞ்சியம் என்ற எண்ணத்துடன் ஒதுங்கி விடுகின்றோம். விஞ்ஞானம் வர்க்கங் கடந்தது, பால் கடந்தது, ஏன், மொழியையுங்கூடக் கடந்தது என்ற பூர்ஷ்வா ஐதீகத்துக்கு முற்போக்கு விமர்சகரும் ஒருவகையில் ஆட்பட்டிருப்பதையே இது காட்டுகின்றது. ஜேம்ஸ் வாட்சன் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இரட்டைச் சுருள்’ என்னும் நூல் இவ்வகையில் நமது கவனத்தை வேண்டி நிற்பதொன்றாகும். டி.என்.ஏ. மூலக்கூற்றின் அமைப்புக் கண்டறியப்பட்ட கதையைக் கூறும் இந்நூல், இருபதாம் நூற்றாண்டில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட விஞ்ஞான நூல்களுள் ஒன்று. அதேவேளை, விஞ்ஞானத்திற் பெண்ணின் நிலை பற்றிய விவாதத்துக்கு இத்துணைத் தூண்டுதல் தந்த நூல்கள் மிகச் சிலவே. ஆசிரியர் அதனை எண்ணிச் செய்தாரல்லர் என்பதும் கூறத்தக்கது.

கதையின் எலும்புக்கூடு பலரும் அறிந்ததே. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜோன் றான்டலின் தலைமையில் இயங்கிய உயிர்ப்பௌதிகப் பிரிவில் மொறிஸ் வில்கின்ஸ், றொசலின்ட் பிராங்ளின், ஆய்வு மாணவரான றேமன்ட் கொஸ்லிங் ஆகியோர் டி.என்.ஏ. இழைகளை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தனர். கேம்பிறிட்ஜ் கவென்டிஷ் ஆய்வுகூடத்தில் வாட்சனும் பிரான்சிஸ் கிறிக்கும் உலோகத் தகடுகளாலும் கம்பிகளாலும் மாதிரியுரு அமைத்து, அதே அமைப்பை ஊகித்தறிய முயன்றனர். 1953 ஏப்பிரல் 25இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் முடிவுகள் வெளிவந்தன. பிராங்ளின் 1958 ஏப்பிரல் 16இல், தமது 37ஆவது வயதிற் புற்றுநோயால் இறந்தார். 1962இல் வாட்சன், கிறிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். அதற்கு ஆறு ஆண்டுகளின் பின்னர் நூல் வந்தது. கையெழுத்துப் பிரதியைக் கண்ட கிறிக்கும் வில்கின்சும் கடுமையாக ஆட்சேபித்தமையால், ஹாவார்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை வெளியிடாது கைவிட்டது. வணிகப் பதிப்பகமொன்றே அதனை ஏற்றுக்கொண்டது.

நூலின் இலக்கிய வகையை முதலில் இனங்காணல் வேண்டும். ‘நேர்மை ஜிம்’ என்று தலைப்பிடவும் வாட்சன் எண்ணியிருந்தார். ‘லோர்ட் ஜிம்’, ‘லக்கி ஜிம்’ ஆகிய நாவற் பெயர்களின் எதிரொலியை அதிற் கேட்கலாம். தாம் எழுதுவது வரலாறன்று, நாவற் பாங்கான கதையே என்பதை அவர் உள்ளூர உணர்ந்திருந்தார் போலும். சிறுசிறு அத்தியாயங்கள், உரையாடல், விடுதி விருந்துகளும் டெனிஸ் ஆட்டங்களும் பிரெஞ்சுப் பெண்களும் இடையிடையே வந்துபோகும் ஓட்டம், பழைய ஐரோப்பாவுக்கு வந்த 23 வயது அமெரிக்க இளைஞனின் வியப்பும் அகந்தையும். இவையனைத்தையும் ஒன்றாகக் கட்டி வைப்பது பந்தயம் என்ற கருத்தாகும். கலிபோர்னியாவிலிருக்கும் லைனஸ் போலிங்கை முந்த வேண்டும். முதலில் வருபவனுக்கே எல்லாம் உரியன. முதலாளித்துவப் போட்டியின் தர்க்கம் அறிவுத் தேட்டத்தின் இயல்பான தர்க்கமாக இங்கு வேடம் புனைகின்றது. அப்போலிங்குக்கு அவரது அரசியற் கருத்துகளைக் காரணங் காட்டி அமெரிக்க அரசு 1952இற் கடவுச்சீட்டு மறுத்ததால் அவ்வாண்டு இலண்டனில் நடைபெற்ற கூட்டத்துக்கு அவர் வரமுடியாமற் போயிற்று. பனிப்போர்க் காலத்து அறிவுலகின் மீது விழுந்த இக்கரிய நிழல், நூலில் ஒரு சுவையான துணைச் சம்பவத்தின் அளவையே பெறுகின்றது. பந்தயக் கதைக்கு வரலாறு தேவையில்லை. எதிராளியும் தடையுமே தேவை.

எதிராளி தொலைவிலிருக்க, தடையாக வருபவர் பிராங்ளின். அவரை நூல் ‘றோசி’ என்றே அழைக்கின்றது. அவர் முகத்துக்கு நேரே எவரும் பயன்படுத்தாத பெயர் அது. மற்றையோர் குடும்பப் பெயராலோ உரிய முதற் பெயராலோ சுட்டப்பட, இவருக்கு மட்டும் அவரறியாத செல்லப் பெயர் வழங்கப்படுகின்றது. செல்லப் பெயர் எப்பொழுதும் அன்பின் அடையாளமன்று. தோட்டத்துரையும் வீட்டெசமானியும் வேலையாளுக்குப் பெயரிட்டழைத்த வரலாற்றை அறிந்த நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. மேலும், அவர் வில்கின்சின் உதவியாளர் என்ற எடுகோளின் மீதே பாத்திரம் கட்டப்படுகின்றது. உதவியாளர் அடங்க மறுத்தால் அது முரட்டுத்தனம் ஆகின்றது. ஆனால் உண்மை வேறு. 1950 டிசெம்பரில் றான்டல் பிராங்ளினுக்கு எழுதிய கடிதத்தில், டி.என்.ஏ. மீதான எக்ஸ்-கதிர்ச் சோதனைகளை அப்போதைக்கு அவரும் கொஸ்லிங்கும் மட்டுமே மேற்கொள்வர் என்று தெளிவாகக் குறித்திருந்தார். வில்கின்சுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. ஆகவே, இருவரும் தத்தமக்கு உரியதென நம்பிய ஒரே வேலைக் களத்தில் மோதுண்டனர். நிருவாகம் தோற்றுவித்த முரண்பாட்டை நூல் ஒரு பெண்ணின் சுபாவக் கோளாறாக மாற்றி விடுகின்றது. சமூக உறவைத் தனிமனித குணமாகக் காட்டுவதே பூர்ஷ்வா எடுத்துரைப்பின் பழைய வித்தை என்பது நாம் அறிந்ததே.

நூலிலே நமது கவனத்துக்கு மிகவுரிய இடம் ஒன்றுண்டு. 1951 நவெம்பர் 21இல் கிங்ஸ் கல்லூரியிற் பிராங்ளின் தமது ஆய்வு முடிவுகளைப் பற்றி உரையாற்றினார். வாட்சன் அவையில் இருந்தார். வழக்கம்போலக் குறிப்பெதுவும் எடுக்கவில்லை. அக்காட்சியை நினைவுகூரும் எடுத்துரைப்பாளர், மேடையில் நின்றவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கூந்தலை வேறுவிதமாக அமைத்தால் எவ்வாறு தோன்றுவார் என்று தாம் எண்ணியதை ஒளிவின்றிக் கூறுகின்றார். இழையிலுள்ள நீரின் அளவு பற்றிப் பிராங்ளின் கூறிய எண்ணை அவர் பிழையாகவே நினைவில் வைத்துக்கொண்டார். அப்பிழையான எண்ணைக் கொண்டு அவரும் கிறிக்கும் பொசுபேற்றுக்கள் நடுவிலமைந்த மூவிழை மாதிரியொன்றைக் கட்டினர். கேம்பிறிட்ஜுக்கு வந்து அதனைப் பார்வையிட்ட பிராங்ளின், நீரின் அளவு பத்து மடங்குக்கு மேற் பிழைபட்டிருப்பதையும், பொசுபேற்றுக்கள் புறத்தேயே இருக்க வேண்டும் என்பதையும் உடனடியாகச் சுட்டிக்காட்டினார். அவமானமுற்ற கவென்டிஷ் தலைவர் லோறன்ஸ் பிறாக், இருவரையும் டி.என்.ஏ. வேலையிலிருந்து நிறுத்தினார்.

இந்நிகழ்ச்சிகள் யாவும் நூலிலேயே உள்ளன. ஆனால் நூல் அவற்றைத் தொடுத்துக் காட்டுவதில்லை. கூந்தலைப் பற்றிய எண்ணம் ஒரு பக்கத்தில் நகைச்சுவையாக நிற்கின்றது. நீரின் அளவு பற்றிய பிழை வேறொரு பக்கத்தில் இளமைக் கவனயீனமாக நிற்கின்றது. இரண்டையும் இணைத்து வாசிப்பது விமர்சகரின் கடமையாகும். பேசும் பெண்ணை விஞ்ஞானியாகக் காணாது உருவமாகக் கண்ட பார்வை, விஞ்ஞானத்திலேயே ஒரு பிழையை விளைவித்தது. பால்நிலைப் பாரபட்சம் பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதி மட்டுமே என்றும், விஞ்ஞானத்தின் உள்ளடக்கம் அதனாற் கறைபடுவதில்லை என்றும் வாதிப்போருக்கு வாட்சனின் நூலே தக்க மறுப்பாகும். எடுத்துரைப்பாளர் தாம் அறியாமலே தமக்கெதிரான சாட்சியத்தைத் தந்து விடுகின்றார். யதார்த்தவாதப் படைப்பாளியின் கருத்துநிலையை அவரது படைப்பே மீறிச் செல்லும் என்று பல்சாக் பற்றி எங்கெல்ஸ் கூறியதை இவ்விடத்து நினைவுகூரலாம். ஆனால் வாட்சனைப் பல்சாக்கின் வரிசையிலே வைக்கும் எண்ணம் நமக்கில்லை.

இரண்டாவது காட்சி 1953 சனவரி இறுதியில் நிகழ்வது. போலிங்கின் பிழையான மூவிழைக் கட்டுரைப் பிரதியுடன் வாட்சன் கிங்ஸ் கல்லூரிக்கு வருகின்றார். பிராங்ளினுடன் வாக்குவாதம் எழுகின்றது. அவர் தம்மை அடித்து விடுவாரோ என்று தாம் அஞ்சியதாக எழுதுகின்றார். வில்கின்ஸ் வந்து சேர, இருவரும் வெளியேறுகின்றனர். அந்நெருக்கத்திலே, 1952 மே மாதத்தில் எடுக்கப்பட்ட 51ஆம் இலக்கப் படத்தை வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டுகின்றார். இதன் கதையமைப்பைக் கவனிப்போம். ஒரு பெண்ணின் சினம் இரு ஆடவரை நண்பர்களாக்குகின்றது; அந்நட்பின் சீதனமாக அப்பெண்ணின் ஆய்வு கைமாறுகின்றது. படத்தைக் கண்டதும் நாயகனின் நெஞ்சு படபடக்கின்றது. அதன் பின்னால் உள்ள உழைப்பு எடுத்துரைப்பில் இடம்பெறுவதில்லை. உப்புக் கரைசல்களினூடாகச் செலுத்திய ஐதரசனால் இழையைச் சூழ்ந்த ஈரப்பதனைக் கட்டுப்படுத்தியமை, ஈரப்பதன் கூடும்போது ‘ஏ’ வடிவம் ‘பி’ வடிவமாக மாறுவதைப் பிராங்ளினும் கொஸ்லிங்கும் வேறுபடுத்தி அறிந்தமை, மயிரினும் மெல்லிய தனியிழையொன்றை நுண்கமெராவின் முன் நிறுத்தி 60 மணித்தியாலத்துக்கு மேலாகக் கதிர்படச் செய்தமை ஆகிய யாவும் மறைந்து, படம் வானத்திலிருந்து விழுந்ததுபோல வந்து சேர்கின்றது. பண்டத்தின் பளபளப்பு அதனுள் உறைந்துள்ள உழைப்பை மறைத்து விடும் என்று மார்க்ஸ் கூறிய பண்ட மாயைக்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு அரிதாகவே கிடைக்கும்.

நூலின் முடிவுரையிலே வாட்சன் தொனியை மாற்றிக் கொள்கின்றார். பிராங்ளினைப் பற்றித் தாம் கொண்டிருந்த தொடக்கக் கருத்துகள் பிழையானவை என்றும், அறிவுலகில் ஏற்றுக்கொள்ளப்படுவதற்குப் பெண்ணொருத்தி எத்துணைப் போராட வேண்டியிருந்தது என்பதைக் காலந் தாழ்ந்தே உணர்ந்ததாகவும் எழுதுகின்றார். பலர் இதனை மனமாற்றம் என்று போற்றினர். நாம் அவ்வளவு தூரஞ் செல்ல ஆயத்தமாயில்லை. நூலின் உடலெங்கும் ‘றோசி’யைப் பரிகசித்துச் சிரித்த வாசகன், இறுதி ஏட்டில் ஒரு மலர்வளையத்தை வைத்து விட்டு நிம்மதியாக எழுந்து செல்ல அது வழி செய்கின்றது.

இனி, மறுப்பாக எழுந்த நூல்களை நோக்குவோம். பிராங்ளினின் தோழியான ஆன் செயர் 1975இல் எழுதிய வாழ்க்கை வரலாறு முதன்மையானது. வாட்சன் உருவாக்கிய கேலிச்சித்திரத்தை அவர் ஒவ்வொரு கோடாக அழித்தார். பிராங்ளினின் குறிப்பேடுகளைக் கொண்டு, தீர்வுக்கு அவர் எத்துணை அண்மையில் நின்றார் என்பதை அவருடன் பின்னாளிற் பணியாற்றிய ஆறன் குளூக் 1968இலேயே ‘நேச்சர்’ சஞ்சிகையில் நிறுவியிருந்தார். பிறென்டா மடொக்சின் 2002ஆம் ஆண்டு நூல் கடிதங்களையும் குடும்ப ஆவணங்களையும் கொண்டு இன்னும் நிறைவான மனிதரை நமக்குத் தந்தது. இவற்றின் பயன் பெரிது. எனினும், இவற்றையொட்டிப் பரவிய பொதுக் கதை வேறோர் இடர்ப்பாட்டைத் தோற்றுவித்தது. களவாடப்பட்ட படம், பறிக்கப்பட்ட பரிசு, வஞ்சிக்கப்பட்ட நாயகி என்ற கதை, வாட்சனின் பந்தயத்தை மறுக்கவில்லை; வென்றவர் யார் என்பதை மட்டுமே திருத்துகின்றது. கண்டுபிடிப்பு ஒரு தனியாளின் சொத்து என்ற எடுகோள் அப்படியே இருக்கின்றது. சொத்துரிமையாளரின் பெயரே மாறுகின்றது. தமிழிற் சிறுவர்க்கென எழுதப்படும் விஞ்ஞானிகள் சரிதைகளில் மேரி கியூரிக்கு நேர்ந்ததும் இதுவே. தியாகத்தின் உருவமாக அவர் வணங்கப்படுகின்றார், ஆய்வுகூடத்தின் உறவுகள் பேசப்படுவதில்லை.

இக்கதையில் இடம் பெறாதோர் யாவர் என்று கேட்டால் அதன் வரம்பு புலப்படும். 51ஆம் இலக்கப் படத்தைத் தம் கையால் எடுத்த கொஸ்லிங் மாணவராயிருந்தார்; ஆணாயிருந்தும், ஆய்வுகூடப் படிநிலையின் அடியில் நின்றமையால் நாயகக் கதையிலும் நாயகிக் கதையிலும் அவர் நிழலாகவே நிற்கின்றார். அதனிலும் குறிப்பிடத்தக்கவர் புளோறன்ஸ் பெல். லீட்ஸில் வில்லியம் அஸ்பறியின் கீழ்ப் பணியாற்றிய இப்பெண், டி.என்.ஏ. இழைகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுத்து, 1938இல் அவருடன் இணைந்து முடிவுகளை வெளியிட்டார். போர் அவரை ஆய்விலிருந்து பிரித்தது. அவர் பின்னர் அதற்குத் திரும்பவில்லை. அவரிடமிருந்து எவரும் எதனையும் களவாடவில்லை. அதனாலேயே அவருக்குச் சொல்லத்தக்க ‘கதை’ இல்லாமற் போயிற்று. பெண்ணுழைப்பு மறைவது பெரும்பாலும் களவினாலன்று, வழமையினாலேயே என்பதை இது உணர்த்துகின்றது. பரிசும் புகழும் ஏற்கெனவே உள்ளவரிடமே சேர்கின்றன என்பதை ‘மத்தேயு விளைவு’ என்று பெயரிட்டு 1968இல் விளக்கிய சமூகவியலாளர் றொபேட் மேர்ட்டன், ஹறியெற் சக்கமனின் ஆய்வுத் தரவுகளையே பெரிதும் பயன்படுத்தினார். அக்கட்டுரை இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பெண்ணின் பங்கு ஆடவர் பெயரிற் சேர்வதற்கு ‘மற்றில்டா விளைவு’ என்று 1993இற் பெயரிட்ட மார்கிறெற் றொசிற்றர் இம்முரணையும் சுட்டத் தவறவில்லை.

பெண்நிலைவாத விஞ்ஞான விமர்சனம் இக்கட்டத்தைத் தாண்டி, விஞ்ஞானத்தின் முறையியலிலேயே ஆண்மை ஊறியுள்ளதா என்ற ஆழமான வினாவுக்குச் சென்றது. கரோலின் மேர்ச்சன்ற் 1980இலும் எவலின் பொக்ஸ் கெல்லர் 1985இலும் வெளியிட்ட நூல்கள், பேக்கன் காலந் தொட்டு இயற்கை பெண்ணாகவும் அறிபவன் அவளை வசப்படுத்தும் ஆடவனாகவும் உருவகிக்கப்பட்டமையை வெளிக்கொணர்ந்தன. உருவகங்கள் வெறும் அணியல்ல, அவை சிந்தனையின் திசையைத் தீர்மானிப்பன என்ற அவர்களின் வாதம் இலக்கிய மாணவரான நமக்கு உவப்பானது. சோளத்தின் பரம்பரையியலை ஆராய்ந்த பார்பறா மக்ளின்ரொக் பற்றிக் கெல்லர் 1983இல் எழுதிய நூலிலிருந்து, ஆராயும் உயிரியுடன் ஒன்றிக் கலந்து அறியும் முறையொன்று உண்டென்ற கருத்துப் பரவலாயிற்று. இதனைப் ‘பெண்ணின் விஞ்ஞானம்’ என்று கெல்லர் கூறவில்லை; பால்நிலைக் கட்டுகளற்ற விஞ்ஞானத்தையே அவர் வேண்டினார். ஆனால் அவரைப் பின்பற்றியோர் பலர் அந்த எச்சரிக்கையை மறந்தனர். ஆண் பகுத்து நோக்குவான், பெண் உணர்ந்து நோக்குவாள் என்ற பழைய புராணம் புதிய உடையில் வந்தது.

பிராங்ளினின் வேலையை இவ்வளவுகோலால் அளந்தால் என்னவாகும்? அளவீடு, கணிப்பு, ஐயம், தரவு முழுமையடையும் வரை ஊகத்தை ஒத்திவைத்தல் ஆகியவையே அவரது முறை. சைன், கோசைன் பெறுமானங்கள் அச்சிட்ட ஒடுங்கிய மட்டைத் துண்டுகளை அடுக்கி, அவரும் கொஸ்லிங்கும் மாதக் கணக்கிற் கையாற் கணித்தனர். ‘ஏ’ வடிவம் சுருளன்று என்று அத்தரவுகள் காட்டுவதாக ஒரு காலத்தில் எண்ணி, 1952 யூலையில் அச்சுருளுக்கு வேடிக்கையாக மரண அறிவித்தலும் எழுதினார். மறுபுறத்தில் வாட்சனோ உள்ளுணர்வையும் விளையாட்டையும், மட்டைத் துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும் கைப்பழக்கத்தையும் நம்பியவர். மேற்கூறிய புராணத்தின்படி பிராங்ளின் ‘ஆண்’ விஞ்ஞானி, வாட்சன் ‘பெண்’ விஞ்ஞானி என்றல்லவா ஆக வேண்டும்! ஆனால் நடந்ததென்ன? அவரது கட்டுப்பாடு பிடிவாதம் என்றும் கற்பனை வறட்சி என்றும் பெயர் பெற்றது. இவரது ஊகம் மேதைமை என்று பெயர் பெற்றது. இவர் கட்டுப்பாட்டுடனும் அவர் ஊகத்துடனும் தொழிற்பட்டிருந்தால், அவர் பொறுப்பற்ற உணர்ச்சி வயப்பட்டவர் என்றும் இவர் திண்ணிய அறிஞர் என்றுமே எழுதியிருப்பர். பால்நிலை முறையியலுக்குள் இயல்பாகக் குடியிருப்பதில்லை. எந்த உழைப்பு எவருடையதோ, அதற்கேற்ப உழைப்பின் பெறுமானம் நிர்ணயிக்கப்படுகின்றது. கூலியைப் பற்றித் தொழிற்சங்கவாதிகள் நன்கறிந்த இவ்வுண்மை, அறிவுலகுக்கும் பொருந்தும் என்பதே எமது வாதம்.

இங்குதான் மூளை உழைப்பு, கை உழைப்பு என்ற பிரிவினை முன்னிற்கின்றது. அல்பிரட் சோன்-றெத்தல் இப்பிரிவினையின் வரலாற்றை மார்க்சிய அடிப்படையில் ஆராய்ந்தவர். ஹிலறி றோஸ் 1983இல் எழுதிய கட்டுரையில் அவரை ஏற்றுக்கொண்டு, ஒரு திருத்தத்தையும் முன்வைத்தார். கையும் மூளையும் மட்டும் போதா. பேணலும் பராமரிப்புமாகிய மூன்றாவது உழைப்பொன்றுண்டு, அது பெண்கள் மீது சுமத்தப்பட்டது, அதனைக் கணக்கிலெடாத மார்க்சியம் அரைகுறையானது என்பது அவர் வாதம். மறுக்கவியலாத வாதம் இது. பிராங்ளினுக்கு இரங்கலுரை எழுதிய ஜே. டி. பேர்ணல், அவரது எக்ஸ்-கதிர்ப் படங்கள் அதுவரை எடுக்கப்பட்டவற்றுள் மிக அழகியன என்று போற்றினார். மனமுவந்த பாராட்டு, அவரது தெளிவையும் செம்மையையும் அதே உரை எடுத்துரைக்கின்றது. ஆயினும் மக்கள் நினைவில் எஞ்சியது படங்களின் அழகே. பெண் கைவினைத் திறனுடையவள், சிந்தனை பிறருடையது என்ற வகுப்புக்கு மார்க்சியரின் பாராட்டும் தெரியாமற் பயன்பட்டு விட்டது.

பேர்ணலின் பெயர் வந்தமையால், நமது மரபின் மீதும் பார்வையைத் திருப்புதல் நியாயமாகும். 1953 மார்ச்சிற் கிங்ஸ் கல்லூரியை விட்டகன்ற பிராங்ளினை பேர்க்பெக் கல்லூரியில் ஏற்றவர் கம்யூனிஸ்டான பேர்ணலே. அங்குதான் புகையிலைச் சித்திரவடிவ வைரசு பற்றிய அவரது சிறந்த ஆய்வுகள் நடைபெற்றன. 1964இல் நோபல் பரிசு பெற்ற டொறதி ஹொட்ஜ்கினும் பேர்ணலின் மாணவியே. பிறாக் குடும்பத்தினரும் பேர்ணலும் வளர்த்த பளிங்கியலிற் பெண்கள் ஒப்பீட்டளவில் அதிகமாக இருந்தமை தற்செயலன்று. துறை புதியது, பழைய பதவிகளின் காவலர் அங்கு குறைவு. நீண்ட கணிப்புகளுக்குப் பொறுமையான கைகள் தேவைப்பட்டன. முற்போக்கும் பயன்பாடும் அங்கு கைகோத்துக் கொண்டன என்பதே சரி. கத்லீன் லோன்ஸ்டேல் குழந்தைகள் சிறியோராயிருந்த காலத்தில் வீட்டிலிருந்தே கணிப்பு வேலைகளைச் செய்தார். அவரை ஆய்வுகூடத்துக்கு மீட்க விரும்பிய மூத்த பிறாக், வீட்டு வேலைக்கு ஆளமர்த்துவதற்கெனப் பணவுதவி பெற்றுக் கொடுத்தார். 1945இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்ட முதலிரு பெண்களுள் லோன்ஸ்டேல் ஒருவர். விஞ்ஞானத்தின் கணக்கேட்டில் அடுக்களை ஒரு செலவினமாக எழுதப்பட்ட அரிய தருணம் அது. அப்பணத்துக்கு அவ்வீட்டிற் பாத்திரம் துலக்கியவரின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை; அவ்வளவு தூரம் பார்க்கும் பெண்நிலைவாதமே நமக்கு வேண்டியது.

மார்க்சிய விஞ்ஞான வரலாறு இவ்விடத்திற் போதாமையுடையதே. 1931இல் இலண்டன் மாநாட்டிற் பொறிஸ் ஹெசன் வாசித்த கட்டுரை, நியூட்டனின் பௌதிகத்தைச் சுரங்கத்தோடும் கப்பலோட்டத்தோடும் பீரங்கியோடும் இணைத்துக் காட்டி ஒரு தலைமுறையையே விழிப்புறச் செய்தது. உற்பத்தி பற்றிய அவ்வளவு விரிந்த நோக்கில் வீடு என்பது இல்லை. உற்பத்தி இருவகைப்படும், வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தியும் மனிதரின் உற்பத்தியும் என்று 1884இலேயே எங்கெல்ஸ் எழுதியிருந்தும், இரண்டாவது பகுதியை நாம் நூலக அடுக்கிலேயே விட்டு விட்டோம். சான்ட்றா ஹார்டிங் முதலியோர் ஒடுக்கப்பட்டோரின் நிலைநின்று நோக்கினால் உலகம் கூடுதலான முழுமையுடன் புலப்படும் என்று வாதித்தபோது, அவர்கள் லூகாச்சிடமிருந்து பெற்றதையே நமக்குத் திருப்பித் தந்தனர். கடன் கொடுத்தவன் தன் பணத்தை அடையாளங் காணாதிருந்தது வேடிக்கைதான்.

உழைப்பைப் பற்றிப் பேசினோம். உடைமையைப் பற்றியும் ஒரு சொல். பிராங்ளினின் படம் ‘களவாடப்பட்டதா’ என்ற வழக்கு முடிவின்றித் தொடர்கின்றது. அவர் வேறிடம் செல்லவிருந்தமையால் கொஸ்லிங் மீண்டும் வில்கின்சின் மேற்பார்வைக்கு வந்திருந்தார்; ஆகவே படம் வில்கின்சின் கைக்கு வந்தது முறைப்படியே. கிங்ஸ் பிரிவின் அறிக்கையொன்று, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவுறுப்பினரான மக்ஸ் பெருட்ஸ் வழியாகக் கிறிக்கைச் சென்றடைந்தது. அதிலிருந்த பளிங்குச் சமச்சீர் பற்றிய தரவைக் கொண்டே இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையிற் செல்வன என்று அவர் உய்த்துணர்ந்தார். எவரும் பூட்டை உடைக்கவில்லை. பிராங்ளினிடம் எவரும் கேட்கவுமில்லை. உழைத்தவரிடம் கேளாமலே உழைப்பின் பயன் சட்டப்படி கைமாறக்கூடிய ஒழுங்கே இங்கு குற்றவாளி. 1953 ஏப்பிரல் 17இல், சஞ்சிகை வெளிவருவதற்கு எட்டு நாட்களின் முன், றான்டல் பிராங்ளினுக்கு மற்றுமொரு கடிதம் எழுதினார். டி.என்.ஏ. ஆய்வை நிறுத்திக்கொள்ள அவர் உடன்பட்டிருந்ததை அது நினைவூட்டியது. இக்கடிதத்தை விடத் தெளிவான அந்நியமாதல் ஆவணத்தை நாம் கண்டதில்லை. தொழிலாளி ஆலையை விட்டகலும்போது இயந்திரத்தை விட்டுச் செல்கின்றான். இங்கு சிந்தனைப் பொருளையே விட்டுச் செல்லும்படி கேட்கப்பட்டது.

2023 ஏப்பிரலில் மத்தியூ கொப், நதானியேல் கொம்போட் ஆகிய இரு வரலாற்றாசிரியர்கள், 1953ஆம் ஆண்டின் வெளிவராத செய்திக் கட்டுரை வரைவொன்றையும் கடிதமொன்றையும் கொண்டு, பிராங்ளின் ஏமாற்றப்பட்ட அப்பாவியல்லர், தீர்வின் சமபங்காளரான நால்வருள் ஒருவர் என்று ‘நேச்சர்’ சஞ்சிகையில் வாதித்தனர். வஞ்சிக்கப்பட்ட நாயகியிடமிருந்து கூட்டுழைப்பாளரை மீட்கும் இம்முயற்சியை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் நால்வர் என்ற எண்ணும் ஒரு வேலிதான். வேலிக்கு வெளியே கொஸ்லிங்கும், சிறந்த டி.என்.ஏ. மாதிரியை பேர்ணிலிருந்து கொடுத்துதவிய றூடொல்வ் சிக்னரும், மூலங்களின் விகிதத்தைக் கணித்த சார்காவும், புளோறன்ஸ் பெல்லும் நிற்கின்றனர்.

1953 ஏப்பிரல் 25ஆம் திகதி ‘நேச்சர்’ இதழை இன்று எடுத்துப் பார்ப்பவர் மூன்று கட்டுரைகளை அடுத்தடுத்துக் காண்பார். வாட்சனும் கிறிக்கும் எழுதியது முதலாவது. வில்கின்சும் அவருடன் இருவரும் எழுதியது இரண்டாவது. பிராங்ளினும் கொஸ்லிங்கும் எழுதியது மூன்றாவது. முதலாவதன் இறுதியில், கிங்ஸ் கல்லூரியின் வெளியிடப்படாத முடிவுகள் பற்றிய பொதுவான அறிவு தமக்குத் தூண்டுதலாயிருந்தது என்று ஒரு வாக்கியம் வருகின்றது. மூன்றாவதில், தமது முடிவுகள் முதற் கட்டுரையின் மாதிரியுடன் முரண்படுவனவல்ல என்று பிராங்ளின் பின்னர் சேர்த்த ஒரு வாக்கியம் வருகின்றது. மாதிரி பிறப்பதற்கு முன்னரே இருந்த அளவீடுகள், அச்சில் அம்மாதிரியை ஆதரிக்கப் பின்வந்த சான்றுகளாக நிற்கின்றன.